நாமே அமைத்த தானியங்கி இல்லம்

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், பணியிட மாற்றத்தின் காரணமாக நாக்பூரிலிருந்து மும்பைக்கு வந்த நாங்கள், செம்பூர் பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றின் நான்காம் தளத்தில் வாடகைக்குக் குடியேறினோம். கணவன், மனைவி இருவரும் பணிக்குச் செல்பவர்கள். மகள் கல்லூரி மாணவி. காலை எட்டரை மணிக்குப் புறப்பட்டால் வீடு திரும்ப மாலை ஏழரை ஆகிவிடும். இடைப்பட்ட பதினோரு மணி நேரமும் வீட்டில் தனித்திருப்பவர் எழுபத்தாறு வயதான எங்கள் தாயார் ஒருவரே.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் ஓர் இரவு, சுமார் இரண்டு மணியளவில் குளியலறைக்குச் செல்ல எழுந்த அவர், விளக்கைப் போடாமலே நடந்தார். குளியலறை வாசலில் உயர்ந்திருந்த கல் விளிம்பில் கால் இடறி விழுந்ததில் இடது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. "விளக்கைப் போட்டால் உங்கள் தூக்கம் கெடுமே என்று பார்த்தேன்" என்பதே அவர் சொன்ன விளக்கம். பகலில் நாங்கள் இல்லாத வேளையில் இது நிகழ்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற எண்ணம் எங்களைப் பல நாட்கள் உறங்கவிடவில்லை.

வீட்டுத் தானியக்கம் பற்றி நாங்கள் சிந்திக்கத் தொடங்கியது அதன் பின்னரே. கைதட்டினால் எரியும் விளக்கோ, குரலுக்குப் பணியும் திரைச்சீலையோ எங்கள் நோக்கமன்று. ஒரு முதியவர் இரவில் வெளிச்சத்தில் நடக்க வேண்டும். பகலில் அவருக்கு ஏதேனும் நேர்ந்தால் எங்களுக்குத் தெரிய வேண்டும். இவ்விரண்டுமே தேவை. பொறியியல் பயிலாத, வணிகவியல் மட்டுமே கற்ற நாங்கள் இதனை எவ்வாறு அமைத்தோம், எங்கெங்கே தவறினோம் என்பதை, இத்தகைய தேவையுள்ள வாடிக்கையாளர்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் செய்த பிழை

முதலில் நாங்கள் செய்தது, கூடத்தில் ஒரு கண்காணிப்புக் கேமராவைப் பொருத்தியதே. அலுவலக உணவு இடைவேளையில் திறன்பேசியைத் திறந்து, தாயார் நாளிதழ் படிப்பதையும் கீரை ஆய்வதையும் பார்த்து நிம்மதி அடைந்தோம். மூன்றாம் நாள் திரையில் வெறும் வெண்மை மட்டுமே தெரிந்தது. கேமராவின் மீது அவர் துண்டைப் போர்த்தியிருந்தார். மாலையில் கேட்டபோது, "நான் என்ன உங்கள் பேங்க் லாக்கரா, இருபத்து நாலு மணி நேரமும் கேமரா வைத்துப் பார்ப்பதற்கு?" என்றார்.

அக்கேள்விக்கு எங்களிடம் விடையில்லை. வங்கியின் பாதுகாப்பு அறைக்குப் பொருந்துவது ஒரு தாயின் வீட்டிற்குப் பொருந்தாது. அன்றே கேமராவைக் கழற்றினோம். அவருடன் அமர்ந்து பேசி மூன்று உடன்பாடுகளுக்கு வந்தோம். ஒன்று, படமோ குரலோ பதிவு செய்யும் எந்தக் கருவியும் வீட்டினுள் இராது. இரண்டு, அவருடைய அறைக்குள் எதுவும் பொருத்தப்படாது. அறை வாசலோடு நின்றுவிட வேண்டும். மூன்று, எந்தக் கருவி என்ன செய்கிறது என்பதை அவருக்குத் தெரியும் வகையில் எழுதி வைக்க வேண்டும். பின்னர் நாங்கள் வாங்கிய ஒவ்வொரு பொருளும் இம்மூன்று நிபந்தனைகளுக்கு உட்பட்டதே. முதியோருக்காகத் தானியக்கம் அமைக்க விரும்புவோர் கடைக்குச் செல்வதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நன்று.

இணையம் நின்றாலும் இயங்க வேண்டும்

ஒரு தானியங்கி அமைப்பில் மூன்று உறுப்புகள் உண்டு. நிகழ்வதை உணரும் சென்சார், கட்டளையை நிறைவேற்றும் சுவிட்ச் அல்லது விளக்கு, இவ்விரண்டுக்கும் இடையே அமர்ந்து முடிவெடுக்கும் மூளை. சந்தையில் கிடைக்கும் பல கருவிகளுக்கு மூளை வீட்டில் இருப்பதில்லை. தயாரிப்பு நிறுவனத்தின் தொலைதூரக் கணினியில் இருக்கிறது. படுக்கையறை வாசலில் கால் வைத்த செய்தி வேறெங்கோ சென்று திரும்பி வந்த பின்னரே விளக்கு எரியும். இணையம் துண்டிக்கப்பட்டால் விளக்கும் எரியாது.

நிறுவனமே கடையை மூடிவிட்டாலோ, கருவி வெறும் பிளாஸ்டிக் பெட்டியாகிவிடும். அமெரிக்காவில் ரிவால்வ் என்னும் வீட்டுத் தானியக்கக் கருவிக்கு நேர்ந்தது இதுவே. 2014இல் அந்நிறுவனத்தை வேறொரு நிறுவனம் வாங்கியது. 2016 மே மாதத்தில் அக்கருவியை இயக்கிவந்த சேவை நிறுத்தப்பட்டது. விலை கொடுத்து வாங்கியவர்களின் வீடுகளில் அது அன்றோடு செயலிழந்தது.

ஆதலின், மூளை எங்கள் வீட்டிற்குள்ளேயே இருக்க வேண்டும் என முடிவு செய்தோம். இதற்கு நாங்கள் தேர்ந்தது ஹோம் அசிஸ்டென்ட் என்னும் திறந்த மூல மென்பொருள். 2013இல் பவுலஸ் ஸ்கௌட்சன் என்பவரால் தொடங்கப்பட்ட இம்மென்பொருள், 2024 முதல் ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷன் என்னும் அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ளது. கட்டணம் ஏதுமில்லை. உள்ளங்கை அளவேயான ராஸ்பெரி பை கணினியில் இது இயங்கும். பயன்படாமல் கிடக்கும் பழைய மடிக்கணினியிலும் நிறுவலாம்.

சென்சார்கள் மூளையோடு பேசுவதற்கு ஜிக்பீ என்னும் கம்பியில்லா முறையைத் தேர்ந்தோம். வைஃபை கருவிகளைவிட மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்குவதால், பொத்தான் வடிவ மின்கலம் ஒன்றிலேயே ஒரு சென்சார் ஓராண்டோ அதற்கு மேலோ உழைக்கும். சுவரைக் குடைய வேண்டியதில்லை; இருபுறமும் ஒட்டும் பட்டையே போதும். வாடகை வீட்டில் வாழ்வோர்க்கு இது பெரிய வசதி. பல நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று இணங்கிச் செயல்படுவதற்காக 2022 அக்டோபரில் வெளியிடப்பட்ட மேட்டர் என்னும் பொதுத் தரத்திற்குட்பட்ட கருவிகளும் இப்போது கிடைக்கின்றன. புதிதாக வாங்குவோர் அட்டைப்பெட்டியில் அக்குறியீடு உள்ளதா எனப் பார்த்துக்கொள்ளலாம்.

மின்சாரத்தில் விளையாட்டு கூடாது

நாமே அமைப்பது என்பதற்கு நாமே மின்கம்பியைத் தொடுவது என்று பொருளன்று. நம் நாட்டு வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். மென்பொருளை நிறுவுவதும், மின்கலத்தில் இயங்கும் சென்சாரை ஒட்டுவதும், விதிகளை எழுதுவதும் நம்மால் இயலும். சுவிட்ச் பெட்டியைத் திறக்கும் வேலை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனுக்குரியது. இந்த எல்லைக்கோட்டை நாங்கள் ஒருநாளும் தாண்டவில்லை.

அவர் வந்தவுடன் மூன்று கேள்விகள் கேட்டோம். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பான், அதாவது ஆர்.சி.சி.பி., உள்ளதா? எர்த் இணைப்பு சரியாக உள்ளதா? சுவிட்ச் பெட்டிகளில் நியூட்ரல் கம்பி வந்துள்ளதா? முதல் இரண்டும் உயிர் காப்பவை. எத்தகைய தானியக்கத்திற்கும் முன்னர் சரிபார்க்க வேண்டியவை. மூன்றாவதற்குக் காரணம் வேறு. சுவிட்சுக்குப் பின்னால் பொருத்தப்படும் தானியங்கி ரிலேக்களில் பெரும்பாலானவை தாமும் விழித்திருக்க மின்சாரம் தேவைப்படுவதால் நியூட்ரல் கம்பியை வேண்டுகின்றன. பழைய வீடுகள் பலவற்றில் சுவிட்ச் பெட்டிக்கு அக்கம்பி வருவதில்லை. எங்கள் வீட்டுப் படுக்கையறையிலும் இல்லை. ஆகவே ரிலேக்களைத் தவிர்த்து, சுவரிலுள்ள சாக்கெட்டில் செருகும் கருவிகளையே தேர்ந்தோம்.

மற்றொரு கணக்கும் உண்டு. எங்கள் கீசர் 2,000 வாட். அதனை 230ஆல் வகுத்தால் ஏறத்தாழ 8.7 ஆம்பியர். 3,000 வாட் கீசராயின் 13 ஆம்பியர். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பல தானியங்கி பிளக்குகள் 6 அல்லது 10 ஆம்பியர் தாங்குபவை. எல்லைக்கு அருகில் நீண்ட நேரம் இயங்கும் பிளக் சூடேறி உருகக்கூடும். கீசருக்கு 16 ஆம்பியர் தாங்கும் கருவியே தகும். அதுவும் நீர் தெறிக்காத இடத்தில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் கீசர் சாக்கெட் குளியலறைக்கு வெளியே பரண் அருகில் இருந்தது எங்கள் நல்வாய்ப்பு.

ஐந்து விதிகள்

கருவிகள் வந்தபின் எங்கள் இல்லத்திற்கென ஐந்து விதிகளை வகுத்தோம். அவற்றைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினோம்.

முதல் விதி: இரவு பத்து மணி முதல் காலை ஐந்து மணி வரை, தாயாரின் அறை வாசலில் நடமாட்டம் உணரப்பட்டால், குளியலறை வரையிலான வழியில் தரையோரம் உள்ள இரு விளக்குகள் பத்து விழுக்காடு ஒளியில் எரியும். மூன்று நிமிடம் அசைவில்லையேல் அணையும். முழு ஒளி கண்ணைக் கூசச் செய்து நடையைத் தடுமாற வைக்கும் என்பதால் மங்கிய ஒளியே ஏற்றது.

இரண்டாம் விதி: கீசரைப் போட்ட 25 நிமிடத்தில் அது தானே அணையும். பதினைந்து லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க 2,000 வாட் கீசருக்குச் சுமார் 18 நிமிடம் போதும். கீசருக்குள்ளேயே வெப்பக் கட்டுப்பாடு உண்டென்றாலும், அது பழுதடையும் நாளுக்கு இரண்டாவது காவல் ஒன்று இருப்பது நலம்.

மூன்றாம் விதி: காலை எட்டரை மணி முதல் பன்னிரண்டரை வரை, தொடர்ந்து 75 நிமிடம் வீட்டில் எங்கும் அசைவில்லாமலும், வாசற்கதவு திறக்கப்படாமலும் இருந்தால் எங்கள் இருவர் திறன்பேசிக்கும் செய்தி வரும். கதவு திறக்கப்பட்டிருந்தால் அவர் கோவிலுக்கோ கடைக்கோ சென்றிருக்கிறார் என்று பொருள். மதிய உறக்க நேரத்திற்கு இவ்விதி பொருந்தாது.

நான்காம் விதி: வாசற்கதவு ஐந்து நிமிடத்திற்கு மேல் திறந்தே இருந்தால் கூடத்தில் மணி ஒலிக்கும், எங்களுக்கும் செய்தி வரும்.

ஐந்தாம் விதி: சமையலறையில் எரிவாயு கசிந்தால் உரத்த ஒலி எழும்; செய்தியும் வரும். இவ்விதியில் ஒரு முக்கிய எச்சரிக்கை. எரிவாயு கசியும்போது வெளியேற்றும் விசிறியைத் தானே இயக்கும்படி சிலர் அமைக்கிறார்கள். அது பேராபத்து. சுவிட்சில் எழும் சிறு பொறியே தீப்பற்றப் போதுமானது. கசிவின்போது எந்த மின்கருவியும் இயங்கவோ அணையவோ கூடாது. ஒலி எழுப்புவதோடு எந்திரத்தின் கடமை முடிந்தது. வால்வை மூடுவதும் ஜன்னலைத் திறப்பதும் மனிதர் செய்ய வேண்டியவை.

இவ்வைந்துக்கும் மேலான பொது விதி ஒன்றுண்டு. எந்த விளக்கையும் எந்தக் கருவியையும் எப்போதும் கையால் இயக்க இயல வேண்டும். வங்கியில் ஒருவர் பதிவதை மற்றொருவர் சரிபார்ப்பது போல, எந்திரம் ஒன்று செய்தால் அதனை மாற்றும் உரிமை மனிதரிடம் இருக்க வேண்டும். வாசற்கதவுக்குத் தானியங்கிப் பூட்டை நாங்கள் பொருத்தாமைக்கும் காரணம் இதுவே. அவசர வேளையில் ஒரு முதியவர் உள்ளிருந்து திறக்கத் தடுமாறும் கதவு பாதுகாப்பான கதவன்று.

தடுமாறிய இடங்கள்

முதல் வாரத்தில் சென்சார்கள் அடிக்கடி மாயமாயின. காரணம் அறியாமல் மூன்று மாலைகளை வீணாக்கினோம். ஜிக்பீ அலைவாங்கியைக் கணினியின் யு.எஸ்.பி. 3 துளையில் நேரடியாகச் செருகியிருந்ததே பிழை. அத்துளையிலிருந்து எழும் மின்காந்த இரைச்சல், ஜிக்பீ பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குலைக்கும். ஒரு மீட்டர் நீட்டிப்பு வடத்தின் மூலம் அதனைத் தள்ளிவைத்தோம், சிக்கல் தீர்ந்தது. மின்சாரத்தில் இயங்கும் ஜிக்பீ கருவிகள் செய்தியை வாங்கி மற்றவற்றிற்குக் கடத்தும். மின்கலத்தில் இயங்குபவை கடத்தமாட்டா. தூரத்து அறைக்குச் செய்தி எட்டவில்லையேல் இடையில் ஒரு ஜிக்பீ விளக்கோ பிளக்கோ வைத்தால் போதும் என்பதையும் அப்போதே கற்றோம்.

இரண்டாம் இடர்ப்பாடு தாயாரின் சிக்கனத்தால் வந்தது. பகலில் விளக்கு எரியாவிட்டாலும் சுவரிலுள்ள சுவிட்சை அவர் அணைத்துவிடுவார். அறுபது ஆண்டுப் பழக்கம். சுவிட்ச் அணைந்தால் அறிவுள்ள விளக்கும் அறிவிழக்கும். பழக்கத்தை மாற்றச் சொல்வதைவிட விளக்கை மாற்றுவதே முறை எனக் கருதி, கட்டிலுக்கும் அலமாரிக்கும் பின்னால், அவர் கை எட்டாத சாக்கெட்டுகளில் இரவு விளக்குகளை இணைத்தோம்.

மூன்றாவது பிழை எங்கள் அறியாமை. நாக்பூரில் சிலிண்டர் எரிவாயு பயன்படுத்திய நினைவில், மும்பை வீட்டிலும் கசிவு உணரியைத் தரைக்கு அருகில் பொருத்தினோம். மும்பையில் எங்களுக்கு வந்தது குழாய்வழி இயற்கை எரிவாயு. சிலிண்டர் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசானது. கூரையை நோக்கி எழும். உணரியைப் பற்றிய கையேட்டை ஒரு மாதம் கழித்துப் படித்தபோதுதான் எங்கள் காவலாளி தவறான வாசலில் நிற்பது புரிந்தது. உடனே கூரைக்கு அருகில் மாற்றினோம். உங்கள் வீட்டு எரிவாயு எது, வாங்கும் உணரி அதற்குரியதுதானா, அதன் இடம் சரிதானா என்பதை இன்றே ஒருமுறை பாருங்கள்.

நான்காவதாக, ராஸ்பெரி பையின் மெமரி கார்டு திடீர் மின்தடையால் பழுதடையக்கூடும். வங்கியில் நாள் முடிவில் தரவுப் படி எடுப்பது போல, வாரம் ஒருமுறை முழு அமைப்பின் படியும் பென் டிரைவில் சேரும்படி ஏற்பாடு செய்தோம். ரவுட்டருக்கும் கணினிக்கும் சிறு யு.பி.எஸ். ஒன்றும் இணைத்தோம்.

வரவும் செலவும்

நிறுவனம் ஒன்றிடம் மதிப்பீடு கேட்டபோது ஒன்றேகால் லட்சம் ரூபாய் சொன்னார்கள். நாங்களே அமைத்ததில் ஆன செலவு இதோ: கணினி, உறை, மின்வழங்கி, மெமரி கார்டு சேர்ந்து ரூ.8,000, ஜிக்பீ அலைவாங்கி ரூ.1,900, நடமாட்ட சென்சார் நான்கு ரூ.4,800, கதவு சென்சார் ரூ.900, கீசருக்கான 16 ஆம்பியர் பிளக் ரூ.1,200, விளக்குகள் இரண்டு ரூ.1,200, எரிவாயுக் கசிவு உணரி ரூ.1,800, சிறு யு.பி.எஸ். ரூ.1,500, எலக்ட்ரீஷியன் கூலி ரூ.1,500. மொத்தம் ரூ.22,800. நாங்கள் வாங்கிய காலத்து விலைகள் இவை. இப்போது சற்றே மாறியிருக்கலாம். ஐந்தாண்டு உழைக்கும் எனக் கொண்டு தேய்மானம் கணக்கிட்டால் மாதம் ரூ.380. தாயாரின் மணிக்கட்டுச் சிகிச்சைக்கு ஆன தொகை இம்முழுச் செலவையும் விட அதிகம்.

மின்கட்டணம் பெருமளவு மிச்சமாகும் என்று எண்ணி எவரும் இதில் இறங்க வேண்டாம். நாள் முழுதும் விழித்திருக்கும் 5 வாட் கணினியே ஆண்டுக்கு ஏறத்தாழ 44 யூனிட் செலவழிக்கிறது. சிக்கனமே நோக்கமாயின் வேறு வழி உண்டு. 75 வாட் பழைய மின்விசிறிக்குப் பதிலாக 30 வாட் பி.எல்.டி.சி. விசிறியை மாட்டினால், நாளுக்கு 12 மணி நேரப் பயன்பாட்டில் ஆண்டுக்கு 197 யூனிட் மிஞ்சும். அதற்குத் தானியக்கம் எதுவும் தேவையில்லை. அவ்வாறே, இக்கருவிகளை ஒரேயடியாகக் கடன் தவணையில் வாங்க வேண்டியதில்லை. முதலில் ஒரு சென்சார், ஒரு விளக்கு. அது ஒரு மாதம் ஒழுங்காக இயங்கிய பின் அடுத்தது.

பூட்டில்லாத ஜன்னல்

வங்கி அலுவலர் என்ற முறையில் வலியுறுத்த வேண்டிய பகுதி இது. இணையத்தோடு இணைந்த ஒவ்வொரு கருவியும் வீட்டிற்கு ஒரு ஜன்னல். 2016இல் மிராய் என்னும் தீநிரல், தயாரிப்பின்போது இடப்பட்ட கடவுச்சொல் மாற்றப்படாமலே இருந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் பெருமளவில் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று, அவற்றையே படையாக ஏவி நடத்தப்பட்ட தாக்குதலில் உலகின் பல முன்னணி இணையத்தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. தம் வீட்டுக் கேமரா அதில் பங்கேற்றதை உரிமையாளர் பலர் அறிந்திருக்கவும் மாட்டார்கள்.

ஆகவே, கருவியுடன் வரும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். நெட் பேங்கிங் கடவுச்சொல்லை எந்தக் கருவிக்கும் வைக்காதீர்கள். ரவுட்டரில் விருந்தினருக்கென உள்ள தனி வைஃபையில் வைஃபை கருவிகளை இணைத்து, வங்கிச் செயலி உள்ள திறன்பேசியை முதன்மை வைஃபையில் வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள். கருவியைச் சரிசெய்து தருவதாகத் தொலைபேசியில் அழைத்து, திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்வோரை நம்பாதீர்கள். திரை அவர் கைக்குச் சென்றால் உங்கள் ஓ.டி.பி.யும் சென்றுவிடும். பண மோசடி நேர்ந்துவிட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் பதிவு செய்வதோடு, உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள்.

ஆடி வெள்ளியன்று

அமைப்பு இயங்கத் தொடங்கிய முதல் மாதத்தில் மூன்று பொய்யான எச்சரிக்கைகள் வந்தன. ஒருமுறை சென்சாரின் மின்கலம் தீர்ந்திருந்தது. மற்ற இரு முறையும் தாயார் சென்சாரின் பார்வை படாத நாற்காலியில் அமர்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். நடமாட்ட சென்சார் உடல் வெப்பத்தின் அசைவை உணர்வது. அசையாதிருப்பவரை அது அறியாது. கூடத்து சென்சாரின் கோணத்தைத் திருப்பினோம். பின்னர் ஓராண்டுக் காலம் அச்செய்தி வரவேயில்லை.

மறு ஆண்டு ஆடி வெள்ளி ஒன்றில், காலை 10.12 மணிக்குக் கிளையில் வாடிக்கையாளர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தபோது திறன்பேசி ஒலித்தது. 75 நிமிடமாக அசைவில்லை, கதவும் திறக்கப்படவில்லை. தாயாரை அழைத்தோம், எடுக்கவில்லை. மீண்டும் அழைத்தோம், பதிலில்லை. எங்கள் மாற்றுச்சாவி எதிர் வீட்டு மாவ்ஷியிடம் எப்போதும் இருக்கும். அவர் மராத்திக்காரர், தாயாருக்கு மராத்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, ஆயினும் இருவரும் நாள்தோறும் பேசிக்கொள்வார்கள். அவரை அழைத்தோம்.

சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்தபடி தாயார் அமர்ந்திருந்தார். உடல் வியர்த்து, சொற்கள் குழறின. சர்க்கரை நோய்க்கான மாத்திரையை வழக்கம்போல விழுங்கிவிட்டு, விரதம் என்று காலை உணவைத் தவிர்த்திருக்கிறார். அதனை நாங்கள் அறியவில்லை. விழுங்கும் நிலையில் அவர் இருந்ததைக் கண்ட மாவ்ஷி, சர்க்கரை கரைத்த நீரைப் புகட்டினார். நாங்கள் வீடு சேர்ந்தபோது எழுந்து அமர்ந்திருந்தார். மருத்துவர் மாத்திரையின் நேரத்தையும் அளவையும் மாற்றி, விரதம் இருப்பதாயின் முன்கூட்டியே தம்மிடம் கேட்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

தாயாரைக் காத்தது எந்திரமன்று. சாவியோடு ஓடிவந்த மாவ்ஷியே. எந்திரம் செய்ததெல்லாம் எங்களுக்குச் சொன்னது மட்டுமே. சொல்லும் எந்திரம் இருந்து, ஓடிவர ஆளில்லையேல் பயன் சிறிதே. எனவே, சென்சார் வாங்குவோர் மாற்றுச்சாவியை எவரிடம் கொடுப்பது என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

அவ்வாரம் தாயார் தாமாகவே கேட்டார்: "ஏதோ அழுத்தினால் உங்களுக்கு மணி அடிக்கும் என்றாயே, அந்தப் பொத்தானை வாங்கிவிடேன்." தம் அறைக்குள் எதுவும் கூடாது என்றவர், தலையணை அருகில் அதற்கு இடம் கொடுத்தார்.

மீண்டும் ஓர் இடமாற்றம்

இவ்வாண்டு எங்களுக்கு ஐதராபாத்துக்கு மாற்றல் வந்தது. அமைப்பு முழுவதையும் கழற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலே போதுமானதாயிற்று. அனைத்தும் ஓர் அட்டைப்பெட்டியில் அடங்கின. சுவரில் ஓட்டை ஏதுமில்லாததால் வீட்டு உரிமையாளர் முன்பணத்தில் பிடித்தம் எதுவும் செய்யவில்லை. விடைபெறும்போது மாவ்ஷியும் தாயாரும் தத்தம் மொழியில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தனர்.

புதிய வீட்டில் பாத்திரப் பெட்டிகளைப் பிரிக்கும் முன்னரே, முதல் இரவுக்காக வழிவிளக்குகளைப் பொருத்தினோம். இங்கே எங்களுக்குச் சிலிண்டர் எரிவாயு. இரு வகை எரிவாயுவையும் உணரும் கருவி என்பதைக் கையேட்டில் உறுதிசெய்துகொண்டு, கூரை அருகில் இருந்ததை மீண்டும் தரை அருகில் இறக்கினோம். சிலிண்டர் கசிவுக்கான அவசர எண் 1906 என்பதைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் விதிகளோடு சேர்த்து எழுதினோம். அடுத்த வீட்டாரோடு அறிமுகமாகி, மாற்றுச்சாவியை அவர்களிடம் ஒப்படைத்த பின்னரே மறுநாள் பணியில் சேர்ந்தோம்.